மேனேஜருக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம்

என் அத்தானுக்கு மனிதர்களின் முகம் மனதில் நிற்காது; துணிதான் நிற்கும். சலவைக்கடைக்கு வருகிறவர்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "நீலக் கோட்டு வந்தாரா?", "அந்தக் காலர் நைஞ்ச வெள்ளைச் சட்டை வேற ஊருக்கு மாத்தலாகிப் போறாராம்" என்றுதான் பேச்சு. ஒருநாள் கடைத்தெருவில் ஒருவர் வலிய வந்து கையைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்தில் ஒருவர் விடாமல் நலம் விசாரித்துவிட்டுப் போனார். அத்தான் திருதிருவென்று விழித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த மனிதர் திரும்பி நடந்து, முதுகு தெரிந்த பிறகுதான் இவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம தையல் விட்ட பழுப்புக் கோட்டு" என்றார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சின்ன வயதில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வெந்நீர்த் தொட்டியோடு மல்லுக்கட்டியவர். பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். கீழே கடை, மேலே வீடு. அழுக்கைக்கூட மன்னித்துவிடுவார், அது தண்ணீரில் போய்விடும் என்பார். முடியையும் பிசிறையும் மட்டும் அவரால் மன்னிக்கவே முடியாது. ஊரில் மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் பையில் துணியிலிருந்து முடி எடுக்கும் ஒட்டு உருளை இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நிற்பவர் தோளில் ஒரு உருட்டு உருட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். அவர்களுடைய கல்யாண போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் அக்காவின் தோளில் ஒட்டியிருக்கும் ஒரு நூலை முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

அப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குத்தான் நான் ஒரு முயலைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அதுவும் வெள்ளை முயல்.

முயல் என் வீட்டுக்காரருடையது. சரக்கு வண்டி ஓட்டியவர் அவர். எங்கள் தெருமுனையில் இருந்த கடையில், ஒரு காது மடங்கிப் பிறந்ததால் யாரும் வாங்காமல் கிடந்த அதை ஒருநாள் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தார். முன்னங்கால்களை மார்புக்கடியில் மடக்கிக்கொண்டு, எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுளித்தபடி உட்கார்ந்திருக்கும். "எங்க கம்பெனி மேனேஜரும் அச்சு அசலா இப்படித்தான். ஒரு வேலையும் செய்ய மாட்டார். ஆனா அவர் உக்காந்திருந்தாதான் அது ஆபீஸ் மாதிரி இருக்கும்" என்பார். அதனால் மேனேஜர் என்றே பெயராகிவிட்டது. அவர் வேலை முடிந்து வந்து தரையில் மல்லாந்தால் மேனேஜர் வந்து நெஞ்சுமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த நெஞ்சுதான் ஒருநாள் வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் முயலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா போன் செய்து, "மூட்டையைக் கட்டிக்கிட்டு இங்க வந்து சேருடி" என்றாள்.

"மேனேஜரும் வருவார்" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சுமூச்சு இல்லை. "முயல்தான்க்கா" என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடியும் நின்றது. "அது முடி கொட்டுமேடி" என்றாள்.

அத்தானிடம் அவள் எப்படிப் பேசினாள் என்பது எனக்குத் தெரியாது. "ஒரு மாசம் பாப்போம்" என்று பதில் வந்தது. அந்த ஒரு மாதம் முயலுக்குத்தான், எனக்கு இல்லை என்று அக்கா பத்துத் தடவை சொன்னாள். ஆனால் முயலுக்கு இடமில்லாத வீட்டில் எனக்கும் இடமில்லை என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அடுத்து எங்கே போவது என்பதைத்தான் முடிவு கட்டவில்லை.

எங்களுக்கென்று ஒதுக்கிய அறை, மாடியில் பின்பக்கம் இருந்தது. சலவைக்குப் போட்டுவிட்டுத் திரும்ப வாங்க வராதவர்களின் துணிகளை அதுவரை அங்கேதான் வைத்திருந்தார்கள். அவற்றை அத்தான் விற்கவும் மாட்டார், தூக்கிப் போடவும் மாட்டார். "போட்டவங்க ஒருநாள் வந்து கேட்டா மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்பார். எனக்காக அத்தனையையும் கீழே கடைக்கு இறக்கி, தன் மேஜைக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டு, அறையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அந்தப் பளபளப்பில் மேனேஜர் காலை வைத்ததும் நாலு காலும் நாலு திசைக்குப் போனது. எழுந்திருக்கப் பார்த்து மறுபடியும் வழுக்கியது. அத்தான் வாசலிலேயே நின்று, மூக்கருகில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது எங்க போகும்?" என்றார்.

"கூண்டுக்குள்ளயே போயிடும் அத்தான்."

"இருக்கறதும் அங்கதான், போறதும் அங்கதானா?" என்றார்.

கொண்டு வந்த சாமான் என்று பார்த்தால் ஒரு கம்பிக் கூண்டு, அதில் தொங்கும் தண்ணீர் பாட்டில், ஒரு பை தீவனம், ஒரு அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். பெட்டிக்குள் என் வீட்டுக்காரரின் பழுப்புச் சட்டை ஒன்று கிடந்தது. வண்டி ஓட்டும்போது போடுவது. டீசல், வியர்வை, சோப்பு எல்லாம் கலந்து ஒரு வாசனை வருமே, அது அதில் இருந்தது. அவர் போன பிறகு மேனேஜர் அதன்மேல்தான் படுக்கும். எனக்கும் சில வேளை அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும். எடுத்தால் முயல் என்னை ஒரு பார்வை பார்க்கும், திருப்பி வைத்துவிடுவேன்.

வந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வர நானும் அக்காவும் கிளம்பினோம். அன்று கடைக்கு விடுமுறை. அத்தான் வீட்டில் தனியாக இருந்தார்.

திரும்பி வந்தபோது மாடிப்படியிலேயே கம்பளித் துணிக்குப் போடும் திரவத்தின் வாசனை அடித்தது. அறைக்குள் ஓடினேன். அத்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துவாலை, துவாலைக்குள் மேனேஜர். நனைந்து, பாதியாகச் சுருங்கி, எலி போலக் கிடந்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

"ஊல் துணிக்கு எவ்வளவு பக்குவம் பாப்பேனோ அவ்வளவு பக்குவமாத்தான்மா பண்ணினேன்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "வெதுவெதுப்பான தண்ணிதான். பிழியக்கூட இல்ல. நம்ம வீட்டுக்கு வந்தவரு அழுக்கா இருந்தா நமக்குத்தான அசிங்கம்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கொட்ட மனம் வரவில்லை. ஊரில் வேறு எந்த வீட்டிலும் இது நடந்திருக்காது. முயலைப் பிடிக்காதவர்கள் அதை மொட்டை மாடியில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள், பிடித்தவர்கள் கேரட் கொடுத்திருப்பார்கள். சேர்த்துக்கொள்வது என்று மனதுக்குள் தீர்மானித்த எதையும் முதலில் துவைத்து எடுக்கிறவர் இவர் ஒருவர்தான்.

துணிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் ஸ்கூட்டரில் போனோம். அவர் ஓட்ட, நான் துவாலையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பக்கவாட்டுக் கம்பியில் டெலிவரிக்குப் போக வேண்டிய ஒரு கறுப்புக் கோட்டு தொங்கிக்கொண்டே வந்தது. அதை எடுத்துவைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கால்நடை டாக்டரம்மா அதிகம் பேசாதவர். ஊசி போட்டார், வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார், ஈரத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். "யார் குளிப்பாட்டினது?" என்றார். அத்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரு விரலை உயர்த்தினார்.

"முயலைக் குளிப்பாட்டவே கூடாது சார். அது தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கும். நனைஞ்சா உடம்புச் சூடு மளமளன்னு இறங்கிடும். பயத்துலயே குடல் வேலை செய்யறதை நிறுத்திடும். அதுதான் ஆபத்து." பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்டுல இதுக்கு என்னென்ன வச்சிருக்கீங்க?" என்றார்.

சொன்னேன். கூண்டு என்றதும் சின்னது என்றார். பாட்டில் என்றதும் கிண்ணம்தான் நல்லது, அதில்தான் நிறையக் குடிக்கும் என்றார். தீவனம் என்றதும், "அது ஊறுகாய் மாதிரி, கொஞ்சம்தான். சாப்பாடுன்னா காய்ஞ்ச புல்லு. பொழுதன்னைக்கும் அது முன்னாடி இருக்கணும். வைக்கோல் இல்ல, புல்லு" என்றார். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, கால் வழுக்காத விரிப்பு, கழிக்க ஒரு தட்டு, கடிக்க மரக்குச்சி என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலை குனிந்துகொண்டே போனது. அத்தானோ வாடிக்கையாளர் கறையைக் காட்டும்போது கேட்பது போல ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக அவர் டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார். வாழ்நாளெல்லாம் துணி போட்டவர்கள் அவரிடம் கேட்டு அவரை எரிச்சலூட்டிய கேள்வி அது. "எப்ப ரெடியாகும்?"

"நாளைக்குக் காலைக்குள்ள ஏதாவது தின்னு, புழுக்கை போடணும். போட்டுட்டா பயமில்ல. அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார். அதற்குப் பழகிய இடத்தில் வைக்கச் சொன்னார். பழகிய வாசனையில் வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் எங்களை இறக்கிவிட்டுவிட்டு எங்கோ போனார். பொழுது சாயும்போது ஒரு கட்டுக் காய்ந்த புல்லோடு வந்தார். பால்பண்ணை ஒன்றின் ஆட்களுக்குச் சீருடை துவைத்துக் கொடுக்கிறார், அங்கே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறார். சட்டை முழுக்கப் புல் துணுக்கு. ஒட்டு உருளை பையிலேயே இருந்தது, கையை அதன் பக்கமே கொண்டுபோகவில்லை. இஸ்திரி மேஜையில் விரிக்கும் தடித்த கம்பளியைக் கீழேயிருந்து கொண்டுவந்து தரையில் விரித்தார். சலவைத் தூள் வாசனை ஏறாத அட்டைப்பெட்டியாகத் தேடி எடுத்து, இரண்டு பக்கமும் வாசல் வெட்டினார். ஒரு பக்கம் பயமாக இருந்தால் மறுபக்கம் ஓடலாமாம். டாக்டரம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

மேனேஜர் பெட்டிக்குள் போகவில்லை. புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈரம் காய்ந்து சிலிர்த்த முடியோடு மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வலி இருந்தால் அப்படிச் செய்யும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனத்தை வாயோரம் விட்டேன், வழிந்துவிட்டது. அப்போதுதான் பழைய அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. காலியாக இருந்தது. எனக்குள் அதுவரை அடைத்துக்கொண்டிருந்தது உடைந்துவிட்டது.

"அவரோட சட்டை இருந்தா அதுமேல போய்ப் படுத்திருக்கும் அத்தான். அதையும் துவைச்சுட்டீங்கல்ல?"

அக்கா என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். அத்தான் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்தவர் கையில், கோட்டு போட்டு வைக்கும் நீளமான பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே அந்தப் பழுப்புச் சட்டை, எடுத்த மேனிக்குக் கசங்கலோடு, முயல் முடியோடு. உறையின் மேல் கடைச் சீட்டு ஒன்றைக் குத்தி, தடித்த பேனாவில் எழுதியிருந்தார்: தொடாதே. துவைக்காதே.

"முயலைக் குளிப்பாட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது" என்றார். "துணி விஷயம் தெரியாம இருக்குமாம்மா? இது சலவைக்கு வந்த துணி இல்லன்னு பாத்தவுடனே தெரிஞ்சுது. கடை ஆளுங்க யாராவது சலவைக்கு எடுத்துப் போட்டுடப் போறாங்கன்னுதான் கீழ கொண்டுபோய் நான் உக்கார்ற இடத்துக்குப் பின்னால வச்சேன்."

சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். வாசனை அப்படியே இருந்தது. எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள், நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் துவைக்கிற ஒரு மனிதர் அதை மட்டும் துவைக்காமல் விட்டாரே, அந்த அளவுக்கு என்னைப் புரிந்துகொண்டு யாரும் எதுவும் செய்யவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

சட்டையைப் பெட்டிக்குள் விரித்தோம். மேனேஜர் மெல்ல நகர்ந்து வந்து, சட்டையின் கைப்பக்கத்தை முகர்ந்தது. பிறகு அதன்மேல் சரிந்தது. அத்தான் பாயைக் கொண்டுவந்து அறை வாசலில் போட்டுக்கொண்டார். "நீ தூங்கும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

விடிந்தபோது என்னை எழுப்பியது அக்கா இல்லை, அத்தான். வழக்கமாகக் கதவைத் தட்டி, இருமி, தொண்டையைச் செருமித்தான் அந்த அறைக்குள் வருவார். அன்று நேராக வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை விரித்தார். உள்ளங்கையில் மூன்று புழுக்கை.

"போட்டுட்டாரும்மா" என்றார்.

சில்லறையைத் தொட்டாலே கை கழுவுகிற மனிதர், முத்தெடுத்து வந்தவர் போல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சின்னதா இருக்கு. ஆனா வந்துடுச்சு. புல்லும் கொஞ்சம் தின்னுருக்காரு, எண்ணிப் பாக்கத்தான் முடியல." அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல ஒரு பூ வாங்கிக் குடுத்து இந்த மாதிரி சிரிச்சதில்ல இந்த மனுஷன்" என்றாள். மூன்று பேருமாகச் சிரித்தோம். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மேனேஜர் சட்டைமேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்து மூக்கைச் சுளித்தது.

முயலை முதல் நாள் 'இது' என்றவர் அன்றிலிருந்து 'அவர்' என்றே சொன்னார். எனக்குத்தான் இன்னும் வாயில் வரவில்லை.

அதன் பிறகு கடையிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக மாடி ஏறின. கூண்டு பரணுக்குப் போனது. துணி மாட்டும் பழைய ஸ்டாண்டுகளை உடைத்து, வலை கட்டி, அறையில் பாதிக்கு வேலி போட்டார். துணி அலசும் பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக அறுத்து, விளிம்பைச் சூடு காட்டி மழுக்கி, கழிக்கும் தட்டாக்கினார். அதன் அடியில் கிழித்த காகிதம், ஒரு ஓரத்தில் புல். தின்றுகொண்டேதான் போவாராம் மேனேஜர். சரியாக அங்கேயே போனார் என்பதில் அத்தானுக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. ஒருநாள் இஸ்திரிப் பெட்டியின் வயரை மேனேஜர் கடித்துத் துண்டாக்கியது. நல்ல வேளை, அது சுவரில் செருகியிருக்கவில்லை. அத்தான் திட்டவில்லை. கடை, வீடு, மாடிப்படி என்று எல்லா வயருக்கும் பிளாஸ்டிக் குழாய் மாட்டிவிட்டு, கடிக்கக் காய்ந்த குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டார். முடி வாருவதற்குத் துணி பிரஷ் ஒன்றை ஒதுக்கினார். வாரும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கோட்டில் விழுவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டோம் என்கிற நிம்மதி அது.

தண்ணீர்க் கிண்ணம் மட்டும்தான் சரிப்பட்டு வரவில்லை. மேனேஜருக்கு அதைப் பல்லால் கவ்வித் தூக்கிக் கவிழ்ப்பதில் ஒரு ஆனந்தம். துணிக்குக் கஞ்சி கலக்கும் கனத்த பீங்கான் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார், அதையும் கவிழ்த்தது. தினமும் காலையில் கம்பளி நனைந்து கிடக்கும். தினமும் அத்தான் அதை மாற்றுவார்.

இதற்கிடையில் மாதம் முடிந்துவிட்டது. அக்காவும் அத்தானும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கோ ஒவ்வொரு நாளும் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதற்கேற்ப ஒரு கறுப்புக் கோட்டு வாடிக்கையாளர் வந்து, தோளில் வெள்ளை முடி இருப்பதைக் காட்டிச் சத்தம் போட்டார். அத்தான் உருளையை எடுத்து முடியை எடுத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தொழிலில் அந்தச் சத்தம் எத்தனை பெரிய அவமானம் என்பது எனக்குத் தெரியும். அன்று ராத்திரி என் அறைக்குப் போகாமல் அக்கா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரிடம் போய் நின்றேன். அவர் என் அறையில்தான் இருந்தார், வேலிக்குள் மண்டியிட்டிருந்தார்.

"அத்தான், ஒரு மாசம்னு சொன்னீங்க. முடிஞ்சு போச்சு. ஒரு ரூம் பாத்துக்கிட்டு நானும் மேனேஜரும் கிளம்பறோம். கடைப் பேரு கெட்டுடக் கூடாது."

அவர் கையில் கொத்துக்கரண்டி இருந்தது, எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். தரையில் ஒரு இரும்பு வளையத்தை வைத்துச் சுற்றிலும் சிமென்ட் பூசியிருந்தார். பீங்கான் கிண்ணம் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நாம் நேராகத் தூக்கினால் கழுவ எடுக்கலாம், முயல் ஓரத்தைக் கவ்வி இழுத்தால் சாயாது. பூசி வெகு நேரமாகியிருக்க வேண்டும். சிமென்ட் வெளுத்துப் போயிருந்தது. பக்கத்தில் மேனேஜர் கைகட்டி உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தான் விரல் கணுவால் சிமென்ட்டைத் தட்டிப் பார்த்தார். "ராத்திரியே பூசிட்டேன்மா. நல்லா காஞ்சிடுச்சு" என்றார். "இனிமே பேத்து எடுக்க முடியாது."

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், சட்டைப் பையிலிருந்து உருளையை எடுத்தார், என் தோளில் இருந்த முயல் முடியை ஒரு உருட்டு உருட்டி எடுத்துவிட்டு, கடையைத் திறக்கக் கீழே இறங்கிப் போனார்.